இன்ஜினை அணையுங்கள், மீன் கேட்டுக்கொண்டிருக்கிறது

தென் புளோரிடாவின் உப்பங்கழிகளில் தூண்டில் வீசத் தொடங்கியிருக்கும் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,



போன மாதம் ஒரு சனிக்கிழமை. விடிந்தும் விடியாத நேரத்தில் எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவின் தென்கோடியிலுள்ள பிளமிங்கோ படகுத்துறையில் என் முறைக்காகக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் படகை இறக்கியவர்கள் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள். "லூர் பெட்டிய எடுத்தியாடா?" "இட்லி எந்தப் பையில இருக்கு?" பதினாறு வருடங்களுக்கு முன் நான் முதன்முதலாக இங்கே வந்து நின்றபோது இந்தத் துறையில் தமிழ்க் குரல் கேட்டதில்லை. மனசு நிறைந்துபோனது. கையசைத்தேன். அவர்களும் சிரித்துக்கொண்டே கையசைத்துவிட்டுப் போனார்கள்.

அரை மணி நேரம் கழித்து அதே படகை மறுபடியும் பார்த்தேன். வற்றம் தொடங்கிவிட்டிருந்தது. முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லாத ஒரு புல்மேட்டின் குறுக்கே படகு முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் தேநீரைக் கொட்டியதுபோல் ஒரு சேற்றுக் கோடு நீண்டது. அந்தக் கோட்டின் இரு பக்கமும் வெட்டுப்பட்ட கடற்புல் இலைகள் மிதந்தன. படகிலிருந்தவர்கள் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் நடந்தது அவர்கள் கண்ணில் படவே இல்லை.

அன்றிரவே இந்த மடலை எழுத உட்கார்ந்தேன். உங்களைக் கண்டிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. அதே தவற்றை நானும் செய்தவன்தான். அதையும் கீழே சொல்கிறேன். நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று: இந்த ஆழமில்லாத குடாக்களில் நன்றாக மீன் பிடிக்க எது வேண்டுமோ, இந்தக் குடாக்கள் பிழைத்திருக்கவும் அதுவேதான் வேண்டும். அது நிதானம்.

நாம் எங்கே வந்து நிற்கிறோம் என்பதிலிருந்து தொடங்குகிறேன். புளோரிடா குடாவின் பரப்பு ஏறத்தாழ 2,200 சதுர கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி தேசியப் பூங்காவுக்குள் வருகிறது. அத்தனை பெரிய நீர்ப்பரப்பின் சராசரி ஆழம் 1 மீட்டர் அளவுதான். கரையிலிருந்து பார்த்தால் கடல்போல் விரிந்து கிடக்கும். உள்ளே போனால் நம் ஊர் வயல்தான் நினைவுக்கு வரும். ஒவ்வொரு பாத்தியையும் வரப்பு பிரிப்பதுபோல், இங்கே ஒவ்வொரு நீர்ப்பள்ளத்தையும் நீளநீளமான சேற்று மேடுகள் பிரிக்கின்றன. அந்த வரப்புகளின் மேலும் ஓரங்களிலும் கடற்புல் வளர்கிறது. வரப்பில் ஏறி மிதித்தால் வயல்காரர் சும்மா விடுவாரா? இங்கே சத்தம் போட ஆள் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

வடமேற்கே போனால் வேறோர் உலகம். ஒயிட்வாட்டர் பே, அதைத் தாண்டி ஆற்று வாய்கள், அப்புறம் டென் தௌசண்ட் ஐலண்ட்ஸ் என்ற கண்டல் தீவுக் கூட்டம். பிளமிங்கோவிலிருந்து எவர்கிளேட்ஸ் சிட்டி வரை இந்த நீர்வழியாகவே 99 மைல் போகலாம். வடக்கிலிருந்து வரும் நன்னீரும் மெக்சிகோ வளைகுடாவின் உப்புநீரும் இங்கேதான் கலக்கின்றன. அந்தக் கலப்பில்தான் இறாலும் நண்டும் மடவையும் பெருகுகின்றன. இங்கே துள்ளும் மடவையும் நம் ஊர்க் கழிமுகங்களில் துள்ளும் மடவையும் ஒரே இனம்தான். முதல்முறை அதைப் பார்த்தபோது ஊரிலிருந்து யாரோ வந்து கதவைத் தட்டியதுபோல் இருந்தது எனக்கு.

இந்தத் தண்ணீரை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். சூரியன் மேலே வந்தபின் போலரைஸ்டு கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் நிறங்கள் பிரியும். பழுப்பாகத் தெரிந்தால் அது புல்மேடு, படகு தட்டும். வெளிறித் தெரிந்தால் மணலோ சேறோ மேலே வந்திருக்கிறது, சந்தேகம்தான். பச்சை என்றால் பெரும்பாலும் போகலாம். நீலம் என்றால் நல்ல ஆழம். மேகம் மூடிய நாளிலும் கலங்கிய நாளிலும் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். அப்போது கால்வாய்க் குறிக்கம்பங்களை விட்டு விலகாதீர்கள்.

ஏற்ற வற்ற அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தானே வருகிறோம் என்பீர்கள். பிளமிங்கோவை ஒட்டிய மேற்குப் பகுதியில் அது உதவும். கிழக்கே உட்குடாக்களில் சேற்று வரப்புகள் ஏற்ற வற்றத்தைத் தடுத்துவிடுகின்றன. அங்கே தண்ணீரை ஆள்வது காற்று. குளிர்காலத்தில் வாடை இரண்டு நாள் விடாமல் அடித்தால் வடகரையில் தண்ணீர் தெற்கே ஒதுங்கிவிடும். காலையில் படகு மிதந்த இடத்தில் மாலையில் கொக்கு நடந்துகொண்டிருக்கும். அட்டவணை அதைச் சொல்லாது.

இனி என் தவற்றுக்கு வருகிறேன்.

பதினொரு வருடங்களுக்கு முன் ஒரு மார்ச் மாதம். நண்பரின் படகு, ஓட்டியது நான். மதியம் மூன்று மணிக்குள் துறைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. கால்வாயைச் சுற்றிப் போனால் இருபது நிமிடம் கூடுதலாகும். குறுக்கே ஒரு மேடு, அதன் மேல் கொஞ்சம் தண்ணீர். வேகமாகப் போனால் படகு மேலெழும்பி வழுக்கிக்கொண்டு போய்விடும் என்று நினைத்தேன். பாதி மேட்டில் அடிப்பாகம் உரசியது. இன்ஜின் முனகியது. அப்போதாவது அணைத்திருக்க வேண்டும். அணைக்காமல் இன்னும் முறுக்கினேன். விசிறி சேற்றைத் தோண்டித் தோண்டிக் கடைசியில் எங்களை வெளியே கொண்டுவந்து போட்டது. நண்பர் முதுகில் தட்டினார். நான் திரும்பிப் பார்த்தேன். ஒரு முழ அகலத்தில் பத்தடிக்கு மேல் நீளமான ஒரு பள்ளம். அதன் ஓரத்தில் கிழிந்த துணியின் நூல்போல வெள்ளை வேர்த்தண்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன.

ஆமைப்புல் என்று இங்கே சொல்லும் அந்தக் கடற்புல் இலையால் வாழ்வதைவிடத் தரைக்கு அடியில் ஓடும் வேர்த்தண்டால்தான் வாழ்கிறது. இலையை வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வேர்த்தண்டை அறுத்துவிட்டால் காயம் ஆறப் பத்து வருடம்கூட ஆகலாம். அதற்குள் நீரோட்டம் பள்ளத்தின் ஓரங்களை அரித்துவிட்டால் ஆறாமலேயும் போகலாம். பூங்கா நிர்வாகம் வான்படங்களை வைத்துச் செய்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில் புளோரிடா குடாவில் இப்படிப்பட்ட தழும்புகள் ஏறத்தாழ 12,000 எண்ணப்பட்டன. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் 325 மைல் நீளம் வரும். கிலோமீட்டரில் 520-க்கும் மேல். அவற்றை வெட்டியவர்கள் எல்லாரும் கெட்டவர்களா? பெரும்பாலோர் என்னைப்போல மூன்று மணிக்குள் துறைக்குத் திரும்ப நினைத்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

அந்த ஆய்வுக்குப் பின் 2011-ல் பிளமிங்கோவுக்குக் கிழக்கேயுள்ள ஸ்னேக் பைட் பகுதியில், குறித்த சில பாதைகளைத் தவிர மற்ற இடங்களில் இன்ஜினை ஓட்டக் கூடாது என்றார்கள். கழி ஊன்றியோ, துடுப்பு வலித்தோ, சிறு மின்மோட்டாரிலோதான் போகலாம். பூங்காவுக்குள் படகு ஓட்டுகிறவர்கள் அதற்கான பாடத்தைப் படித்துச் சான்று வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. அந்தப் பாடத்தை ஒரு சடங்காக முடித்துவிட்டு வராதீர்கள். அதிலுள்ள வரைபடங்களை உட்கார்ந்து பாருங்கள்.

"மெதுவாகப் போனால் பொழுது போய்விடுமே, மீன் எப்போது பிடிப்பது?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நானும் அப்படித்தான் கேட்டேன். பதிலை ஒரு செம்மீன் சொல்லிக்கொடுத்தது.

ரெட்பிஷ் என்று நாம் சொல்லும் இந்த மீன் நம் ஊர்க் கத்தாழையின் குடும்பம். முதுகு செம்பு நிறம். வாலடியில் கண்போல ஒரு கறுப்புப் பொட்டு. நண்டைத் தேடித் தலையைப் புல்லுக்குள் நுழைக்கும்போது வால் தண்ணீருக்கு மேலே வந்து ஆடும். சாய்வெயிலில் அந்த வால் ஆடுவதை ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் வார இறுதிகளில் வீட்டில் இருக்க முடியாது.

ஒருநாள் இன்ஜினைத் தூரத்திலேயே அணைத்துவிட்டோம். நண்பர் பின்னால் நின்று கழி ஊன்றினார். நான் முன்னணியத்தில் நின்றேன். சுமார் முப்பது மீட்டர் தள்ளி ஒரு வால். தொடர்ந்து இன்னும் இரண்டு. எனக்குக் கை நடுங்கியது. பெட்டியிலிருந்து வேறு லூர், அதாவது செயற்கை இரை, எடுக்கலாம் என்று மூடியைத் திறந்தேன். மூடி கைநழுவி "டப்" என்று விழுந்தது. அவ்வளவுதான். மூன்று வால்களும் ஒரே நொடியில் மறைந்தன. தண்ணீரில் மூன்று அம்புக்குறிகள் ஓடி மறைவது மட்டும் தெரிந்தது. நீரில் ஒலி காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில் போகிறது. மீனுக்கு உள்காது உண்டு. உடலின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோடும் உண்டு. முழங்கால் ஆழத்தில் நிற்கும் மீன் விராலடிப்பான் பறவைக்கும் சுறாவுக்கும் நடுவே உயிர் பிழைத்து வளர்ந்தது. பெட்டி மூடும் சத்தத்துக்கே ஓடுகிற மீன், அதன் தலைக்கு மேல் ஓடும் இன்ஜினை என்னவென்று நினைக்கும்?

நாற்பது நிமிடம் அசையாமல் நின்றோம். வேறொரு வால் எழுந்தது. இந்த முறை கையிலிருந்த லூரையே வீசினேன். தங்க நிறத் தகட்டு ஸ்பூன், முள்ளைப் புல் பற்றாதபடி ஒரு கம்பி மறைத்திருக்கும். மீனின் தலைமேல் போடவில்லை. அது போகும் திசையில் இரண்டு மீட்டர் முன்னால் விழுந்து, அதன் கண்ணெதிரே மெதுவாகக் குறுக்கே வருமாறு இழுத்தேன். ஸ்பூன் புல்லின் தலையைத் தடவிக்கொண்டு மின்னி மின்னி வந்தது. வால் தாழ்ந்தது. தண்ணீர் லேசாகக் குமிழ்ந்தது. அப்புறம் தூண்டில் நரம்பு இறுகியது. தகட்டைக் கவ்விய மீன் பள்ளத்தை நோக்கி ஓடியபோது ரீல் எழுப்பிய ஒலி இன்றும் காதில் இருக்கிறது.

அன்றைக்குப் புரிந்தது. தண்ணீரைக் கெடுக்காத வழியும் மீனைக் கலைக்காத வழியும் ஒன்றுதான். நான் பெரிதாக எந்தத் தியாகமும் செய்யத் தேவையில்லை. புல்மேட்டுக்கு நூறு மீட்டர் முன்னால் இன்ஜினை அணைத்தால் போதும். புல்லும் பிழைக்கும், மீனும் நிற்கும்.

லூர்களைப் பற்றிச் சில வார்த்தைகள். உங்கள் பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன். ஐந்நூறு டாலருக்குக் குறையாமல் வாங்கி அடுக்கியிருக்கிறீர்கள். இந்தக் குடாக்களுக்கு மூன்று வகை போதும். புல்மேட்டில் செம்மீனுக்கு அந்தத் தங்க ஸ்பூன். குழிகளிலும் கால்வாய் ஓரங்களிலும், துடுப்பு வால் வைத்த ரப்பர் மீனை 3.5 அல்லது 7 கிராம் ஈயத்தலை முள்ளில் கோத்துத் தரையைத் தொட்டுத் தொட்டு இழுங்கள். விடியலில் காற்றில்லாத நேரத்துக்கு மேல்மட்டத்தில் இடமும் வலமும் நெளிந்துவரும் மிதவை லூர் ஒன்று. புள்ளி ட்ரவுட் அதை அடிக்கும்போது நெஞ்சு ஒரு துடிப்பு தவறும். பெயரில்தான் ட்ரவுட், அதுவும் கத்தாழைக் குடும்பம்தான். 10 பவுண்டு பிரெய்டு நரம்பு, முனையில் 20 முதல் 30 பவுண்டு புளோரோகார்பன். இதற்கு மேல் செலவழிக்க நினைக்கும் பணத்தில் நல்ல கண்ணாடியும் ஒரு நீளக் கழியும் வாங்குங்கள்.

மிதவை லூர்களில் மூன்று நாக்கு முள் இரண்டு இருக்கும். அவற்றைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டுங்கள். முள்ளின் உட்புறமுள்ள எதிர்க்கூரைக் குறடால் அழுத்திவிடுங்கள். மீன் தவறிவிடும் என்ற பயம் வேண்டாம். நரம்பைத் தளரவிடாமல் வைத்திருந்தால் தவறாது. முள்ளை எடுக்க ஒரு நொடி போதும். உங்கள் விரலில் ஏறினாலும் அப்படியே.

எதற்கு இவ்வளவு கவனம் என்றால், நாம் பிடிக்கிற மீனில் பெரும்பகுதியைத் திரும்ப விட வேண்டியிருக்கிறது. விட்ட மீன் பிழைக்க வேண்டுமல்லவா? இங்கேதான் ஸ்னூக் கதைக்கு வருகிறேன்.

ஸ்னூக்கைப் பார்த்ததும் நம்மில் பலர் "கொடுவாடா இது!" என்று கத்துவோம். தப்பில்லை. அதே சரிந்த தலை, நீண்ட கீழ்த்தாடை, வெள்ளி உடல். பக்கவாட்டில் ஓடும் கறுப்புக் கோடு மட்டும் இதற்குத் தனி அடையாளம். நெருங்கிய ஒற்றுமை இன்னொன்றும் உண்டு. கொடுவாவைப் போலவே இதுவும் ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறும் மீன். ஆக, நீங்கள் பிடித்துப் பெருமையோடு தூக்கிக் காட்டும் மிகப் பெரிய ஸ்னூக் பெரும்பாலும் முட்டையிடும் தாய். வளைகுடாப் பக்கத்தில் 28 முதல் 33 அங்குலம் வரையுள்ள ஒன்றை மட்டும்தான், அதுவும் பருவம் திறந்திருக்கும்போதுதான் வைத்துக்கொள்ளலாம் என்ற விதியின் காரணம் அதுவே. சிறியது இன்னும் வளர வேண்டும். பெரியது இன்னும் பெற வேண்டும். விதிகள் அவ்வப்போது மாறும். ஒவ்வொரு முறை கிளம்பும் முன்னும் பார்த்துவிடுங்கள்.

வற்றம் இறங்கும்போது கண்டல் காட்டுக்குள்ளிருந்து தண்ணீர் சிறு சிறு ஓடைகளாக வெளியே வரும். கூடவே சிறு மீனும் இறாலும் வரும். ஓடை வாயில், சிவப்புக் கண்டலின் தாங்குவேர்களின் நிழலில் ஸ்னூக் தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்துக் காத்திருக்கும். லூரை வேருக்கு ஒரு சாண் தள்ளி விழவைத்து நீரோட்டத்தோடு கூட்டி வர வேண்டும். எதிர்த்து வந்தால் நம்பாது. எந்த இறாலும் நீரோட்டத்தை எதிர்த்து அதன் வாயருகே நீந்தி வராது.

அப்படி ஒருநாள் ஒரு தாய் ஸ்னூக் மாட்டியது. ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஜூலை மாத வெயில். உதட்டுக் கவ்வியில் மாட்டிச் செங்குத்தாகத் தொங்கவிட்டு நான் நிற்க, நண்பர் படம் எடுத்தார். ஒன்று சரியில்லை, இன்னொன்று. வெயில் முகத்தில் விழவில்லை, திரும்பு, இன்னொன்று. பின்னர் தண்ணீரில் விட்டேன். இரண்டு முறை வாலை ஆட்டியது. பக்கவாட்டில் சாய்ந்தது. வெள்ளை வயிறு மேலே தெரிய, நீரோட்டம் அதைக் கண்டல் வேர்களுக்கு இடையே மெல்ல இழுத்துக்கொண்டு போனது. துடுப்பை நீட்டிப் பிடிக்கப் பார்த்தேன், எட்டவில்லை. அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

மாநில மீன்வள ஆய்வாளர்கள் தூண்டிலில் பிடித்து விட்ட ஸ்னூக்குகளைக் கூண்டில் வைத்துக் கவனித்தபோது 100-க்கு 2 அளவுதான் இறந்தன. முறையாகக் கையாண்டால் அவ்வளவு எளிதாகப் பிழைக்கும் மீனை நான் கொன்றேன். ஆகவே கேளுங்கள்: கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். ஒரு கை தாடையில், மறுகை வயிற்றின் அடியில், மீன் படுக்கைவாட்டில் இருக்கட்டும். செவுள் மூடியின் ஓரம் கத்திபோல் இருக்கும், விரலைக் காத்துக்கொள்ளுங்கள். முள்ளைத் தண்ணீரிலேயே கழற்றுங்கள். படம் வேண்டுமென்றால் கேமரா தயாரான பிறகு மீனைத் தூக்குங்கள். தூக்கும்போது உங்கள் மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு மூச்சு முட்டும்போது அதற்கு எப்போதோ முட்டியிருக்கும். முள் தொண்டைக்குள் போயிருந்தால் தோண்டாமல் நரம்பை அறுத்து விட்டுவிடுங்கள்.

மீன் சாப்பிடுவதைக் குறை சொல்லும் ஆள் நான் அல்ல. விதிக்குள் வரும் ஒரு ட்ரவுட்டைக் கொண்டுபோய்ப் புளி கரைத்துக் குழம்பு வைத்தால் அந்த மணத்துக்கு ஈடு ஏது? வைத்துக்கொள்வதென்று முடிவு செய்த மீனை உடனே கொன்று ஐஸில் போடுங்கள். வீட்டில் வீணாக்காமல் சாப்பிடுங்கள். விடுவதென்று முடிவு செய்த மீனை உயிரோடு விடுங்கள். இரண்டுக்கும் நடுவே மீனை வாளியில் போட்டுவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பதுதான் தவறு.

இன்னொன்றை நாம் மறக்கக் கூடாது. இந்தத் தண்ணீர் நமக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. 1905-ல் பறவை இறகு வேட்டைக்காரர்களைத் தடுக்கப் போன காய் பிராட்லி என்ற காவலர் பிளமிங்கோவுக்கு எதிரேயுள்ள தீவுத்திட்டருகே சுட்டுக் கொல்லப்பட்டார். ஸ்னூக்கைச் சந்தையில் விற்பதைப் புளோரிடா 1957-லேயே நிறுத்தியது. 1980-களில் நியூ ஆர்லியன்ஸ் சமையல்காரர் பால் புருடோம் மசாலா தடவிக் கருக வறுத்த செம்மீனைப் பிரபலமாக்க, நாடெங்கும் உணவகங்கள் அதைக் கேட்டன. வளைகுடாவில் முட்டையிடும் வயதான பெருமீன்களைக் கூட்டம் கூட்டமாகச் சுற்றி வளைத்தார்கள். இனமே ஆட்டம் கண்ட பிறகுதான் தடைகள் வந்தன. எவர்கிளேட்ஸ் பூங்காவுக்குள் தொழில்முறை மீன்பிடி 1985-ன் இறுதியோடு முடிந்தது. 1994 நவம்பரில் மாநில மக்கள் வாக்களித்து அரசியல் சட்டத்தையே திருத்தி, 1995 ஜூலை 1 முதல் கரையோரத்தில் செவுள்வலைகளைத் தடை செய்தார்கள்.

இந்தக் கடைசி வரியை நாம் நின்று படிக்க வேண்டும். வலை தடைபட்டபோது இந்தக் கரைகளில் தலைமுறை தலைமுறையாக வலை வீசி வாழ்ந்த குடும்பங்கள் தொழிலை இழந்தன. மீனவனின் வீட்டு அடுப்பு எப்படி எரிகிறது என்று அறிந்த ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாம். ஒருவருடைய சோற்றை நிறுத்தி இன்னொருவருடைய பொழுதுபோக்குக்கு விட்டுக்கொடுத்த தண்ணீரில்தான் நம் லூர் விழுகிறது. அங்கே அலட்சியமாக நடந்துகொள்ள நமக்கு என்ன உரிமை?

இத்தனைக்கும் பிறகு குடாவுக்குப் பெரிய ஆபத்து நம் படகுகளுக்கு வெளியே இருக்கிறது. வடக்கிலிருந்து தாள்போலப் பரவி வந்த நன்னீரைக் கால்வாய்களும் கரைகளும் திசைதிருப்பின. 1928-ல் திறந்த டாமியாமி டிரெயில் சாலை அணைபோல் குறுக்கே படுத்தது. நன்னீர் குறைந்து கோடை வறண்டால் உட்குடாக்களில் உப்பு கடலைவிட ஏறத்தாழ இருமடங்காகிவிடுகிறது. நீர் சூடாகி, பிராணவாயு குறைந்து, சேற்றிலிருந்து சல்பைடு நஞ்சு புல்லின் வேரில் ஏறுகிறது. 1987-ல் தொடங்கிப் புல் கூட்டம் கூட்டமாகச் செத்தது. 2015-ல் மறுபடியும் செத்தது. அந்த வருடம் அழுகிய புல்லின் நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு படகு ஓட்டியவன் நான். 2000-ல் இந்த நன்னீர் வரத்தைச் சீர்செய்யும் பெருந்திட்டத்துக்கு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. 2013-ல் டாமியாமி டிரெயிலின் ஒரு மைல் தூரத்தைத் தூக்கிப் பாலமாக்கித் தண்ணீருக்கு வழிவிட்டார்கள். அதற்குப் பின்னும் பாலங்கள் எழுந்தன. வேலை மெதுவாக நடக்கிறது, ஆனாலும் நடக்கிறது.

நாமும் இங்கே வரி கட்டுகிறோம். பலர் வாக்களிக்கவும் செய்கிறோம். தண்ணீரைப் பற்றிப் பொதுக்கூட்டம் நடக்கும்போது தூண்டில்காரர்கள் வரிசையில் நம்மவர் ஒருவராவது எழுந்து பேசட்டும். அப்படிப் பேசுவதற்கான தகுதியை முதலில் நம் படகில் சம்பாதிப்போம்.

ஆகவே என் வேண்டுகோள்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புல்மேட்டைக் கண்டால் இன்ஜினை அணையுங்கள். தட்டிவிட்டால் இன்ஜினைத் தூக்கி வைத்துவிட்டுக் கழியால் தள்ளுங்கள். முடியாவிட்டால் தண்ணீர் ஏறும்வரை உட்கார்ந்திருங்கள், இட்லிதான் இருக்கிறதே. அறுந்த நரம்பைத் துண்டுகூட விடாமல் பையில் போட்டுக் கரைக்குக் கொண்டுவாருங்கள், கூழைக்கடாவின் காலில் அது சுற்றிக்கொண்டால் அறுக்க அதற்குக் கையில்லை. புதிதாக வரும் நண்பருக்கு லூர் கட்டும் முடிச்சைச் சொல்லிக்கொடுக்கும் முன் தண்ணீரின் நிறத்தைச் சொல்லிக்கொடுங்கள்.

என்னிடம் இரண்டு கழிகள் இருக்கின்றன. ஒன்று உங்களுக்கு. எந்தச் சனிக்கிழமையும் பிளமிங்கோ துறையில் தமிழில் பேசிக்கொண்டு நில்லுங்கள், நானே வந்து சேர்ந்துகொள்கிறேன்.

நான் வெட்டிய அந்தத் தழும்புக்கு ஒவ்வொரு குளிர்காலமும் போகிறேன். ஆமைப்புல் இன்னும் அந்தப் பள்ளத்தைக் கடக்கவில்லை. இரு கரையிலும் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. போன ஜனவரியில் கழியை ஊன்றிவிட்டுக் குனிந்து பார்த்தபோது, பள்ளத்தின் அடியில் மெல்லிய வேறொரு புல் முளைத்திருந்தது. முடிபோல ஒடுங்கிய இலைகள், எண்ணினால் இருபது இருக்கும். வெறுஞ்சேற்றில் முதலில் வருவது இந்தச் சிறுபுல்தான். அது சேற்றைப் பிடித்து நிறுத்தினால், பிறகு ஆமைப்புல் வரும். அதன் நடுவே நகம் அளவு நண்டு ஒன்று பக்கவாட்டில் நடந்துபோனது. அதன்மேல் நிழல் விழாமல் படகைப் பின்னுக்குத் தள்ளினேன்.

அன்புடன்,
பிளமிங்கோ துறையில் உங்களுக்காகக் கழியோடு காத்திருக்கும்
ஒரு தூண்டில்காரன்